ராஸ்பெர்ரி பையில் நின்டெண்டோ டிஎஸ்: டச் தேறுமா?

ராஸ்பெர்ரி பை என்கிற சின்ன போர்டு கம்ப்யூட்டரில் பழைய கேம்கள் ஓடும் என்பது ஊரறிந்த விஷயம். நான் பார்க்க நினைத்தது வேறு. நின்டெண்டோவின் கையடக்க கேம் கருவியான டிஎஸ்ஸுக்கு, தொட்டு விளையாடவே செய்யப்பட்ட கேம்களை அதில் தொட்டு விளையாட முடியுமா? பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். நாள் முழுக்க மெஷின் டச் பேனல்களோடுதான் பிழைப்பு, அதனால் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கறாரான ஆள்.

என்னிடம் இருப்பது ராஸ்பெர்ரி பை 4, நான்கு ஜிபி. அதோடு 2015-ல் வந்த அந்த 7 இன்ச் டச் டிஸ்பிளே, 800-க்கு 480 புள்ளி (பிக்சல்). சப்ளை, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து பதினைந்தாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. ஸ்டாண்டு மட்டும் கடையில் வாங்கவில்லை. திருப்பூரில் பேனல் போர்டு செய்கிற பட்டறையில் மீந்து கிடந்த தகட்டை எல் வடிவத்தில் மடக்கி, ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். டிஎஸ் போலவே நடித்து அதன் கேம்களை ஓட்டும் மென்பொருள், அதாவது எமுலேட்டர், மெலன்டிஎஸ். 64 பிட் ஓஎஸ் போட்டு, செட்டிங்கில் ஜேஐடியை (கேமின் கட்டளைகளை ஓடும்போதே போர்டின் மொழிக்கு மாற்றும் வசதி) ஆன் செய்தால்தான் பை 4-ல் இது மூச்சு விடும். கேம்கள் சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்தவை.

டிஎஸ்ஸில் மேலும் கீழுமாக இரண்டு திரை, ஒவ்வொன்றும் 256-க்கு 192. டச் கீழ்த்திரையில் மட்டும். 7 இன்ச் பேனலைப் படுக்க வைத்தால் இரண்டையும் 480 புள்ளி உயரத்துக்குள் அடுக்க வேண்டும். ஆளுக்கு 320-க்கு 240தான் கிடைக்கும், அகலம் ஆறு சென்டிமீட்டர் சொச்சம். அசல் டிஎஸ் லைட் திரையும் அதே அளவுதான். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வீணாகக் கிடக்கும். இதற்கா 7 இன்ச்?

பேனலை நட்டுக்குத்தலாக நிறுத்துங்கள், கதையே மாறிவிடும். அகலம் 480 புள்ளி முழுக்க ஒரு திரைக்கே. ஒவ்வொன்றும் 480-க்கு 360, இரண்டும் சேர்ந்தால் உயரம் 720. மொத்தம் இருப்பது 800, ஆக மிச்சம் 80 புள்ளிதான். அளந்து செய்த மாதிரி உட்காருகிறது. கீழ்த்திரை எட்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வந்துவிடும். 256 புள்ளி 480 ஆவது 1.875 மடங்கு, முழு எண் இல்லை என்பதால் எழுத்தின் ஓரம் லேசாக மங்கும். ஒரு கை தூரத்தில் வைத்து விளையாடும்போது அது கண்ணை உறுத்தவில்லை.

சரி, படம் திரும்பிவிட்டது. ஆனால் லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ் (X11) ஓடும் டெஸ்க்டாப்பில் படத்தைத் திருப்பினால் டச் கூடவே திரும்பாது. அக்கா பையன் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, நான் கீழ தொட்டா அது பக்கவாட்டுல போகுதுங்க" என்றான். எக்ஸ் அச்சையும் ஒய் அச்சையும் மாற்றிச் சொல்ல ஒன்பது எண் கொண்ட அணி ஒன்றை, டச், மவுஸ் உள்ளீட்டைக் கவனிக்கும் லிப்இன்புட் என்ற மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். வலப்பக்கம் திருப்பினால் 0 1 0 -1 0 1 0 0 1. இடப்பக்கம் என்றால் 0 -1 1 1 0 0 0 0 1. மெலன்டிஎஸ்ஸை ரெட்ரோஆர்ச் (பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் மென்பொருள்) வழியாக ஓட்டுகிறவர்கள் டச் மோடில் மவுஸ் என்று இருப்பதை டச் என்று மாற்றவும். இவ்வளவுதான். இதற்குமேல் டச் தொட்ட இடத்தில் விழுகிறது, ஓரங்களில்கூடத் தள்ளிப் போகவில்லை.

இனி என் தொழில் சங்கதி. எங்கள் மெஷின் பேனல்களில் பெரும்பாலானவை ரெசிஸ்டிவ், அழுத்தத்தை உணர்பவை. கிளவுஸ் விரல், பேனா மூடி, எதை வைத்து அழுத்தினாலும் வேலை செய்யும். டிஎஸ்ஸும் அதே ஜாதிதான், அதனால்தான் அதற்கு மெல்லிய பிளாஸ்டிக் குச்சி போதும். பையின் டிஸ்பிளே நம் போன் மாதிரி கெபாசிட்டிவ். பத்து விரலை ஒரே நேரத்தில் அறியும், ஆனால் பிளாஸ்டிக் குச்சியைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. காந்திபுரத்தில் ஒரு மொபைல் கடையில் ரப்பர் முனை ஸ்டைலஸ் வாங்கினேன். முனை ஆறு மில்லிமீட்டர் இருக்கும். நட்டு வைத்த திரையில் கேமின் ஒரு புள்ளி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது குச்சி வைத்த இடத்தில் பதினெட்டுப் புள்ளி மறைந்துவிடும். கட்டம் நிரப்புவது, எண் எழுதுவது, சீட்டு நகர்த்துவது எல்லாம் தாராளமாக ஆடலாம். கோடு பிசகாமல் வரைய வேண்டிய கேம் என்றால் எரிச்சல்தான் மிஞ்சும்.

கைக்கு வேறொரு சிக்கல். டிஎஸ்ஸை இடது கையில் பிடித்து, அதே கைக் கட்டைவிரலால் பட்டனை அழுத்தி, வலது கையில் குச்சி பிடிப்பார்கள். இங்கே ஸ்டாண்டில் திரை நிற்கிறது, புளூடூத் கேம்பேடு இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தொடுதலுக்கும் பேடைக் கீழே வைக்க வேண்டியதாகிறது. அதனால் கணக்குப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, யூஎஸ்பி நம்பர் பேடு, அதை இடது கைக்குக் கொடுத்தேன். 8, 4, 6, 2 நான்கும் திசை, சுற்றியுள்ள கீகள் பட்டன். கேம்பேடை எடுத்து உள்ளே வைத்தாயிற்று.

சூடு பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். போர்டு டிஸ்பிளேயின் முதுகிலேயே திருகப்படுவதால் காற்று குறைவு. 80 டிகிரி தொட்டால் பை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆடிக் காற்றில் கவலையில்லை, சித்திரையில் ஃபேன் இல்லாமல் முடியாது. 5 வோல்ட் பின் இரண்டு இருக்கிறது, ஒன்று டிஸ்பிளேக்கு, இன்னொன்று ஃபேனுக்கு. தறி ஓடும் வீதி என்றால் பஞ்சு அடைக்கும், அவ்வப்போது பிரஷ் போடுங்கள். சப்ளை 5 வோல்ட் 3 ஆம்பியர் கண்டிப்பாக வேண்டும். போன் சார்ஜர் போட்டால் வோல்ட் போதவில்லை என்று மூலையில் மின்னல் சின்னம் வந்து நிற்கும்.

கையில் பழைய டிஸ்பிளே இருக்கிறவர்கள் தாராளமாக இறங்கலாம். புதிதாக வாங்குகிறவர்கள் 2024 நவம்பரில் வந்த டச் டிஸ்பிளே 2-ஐப் பாருங்கள். 720-க்கு 1280, பிறவியிலேயே நட்டுக்குத்தலான பேனல், திருப்பும் வேலையே இல்லை. பை 5-ல் டிஸ்பிளே சாக்கெட் சின்னது, பை 4 கேபிள் அதில் ஏறாது. எந்த போர்டு என்று கடையில் சொல்லி, பெட்டியைப் பிரித்துக் கேபிளைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.