மோடுலன் பவுடரும் லெவினின் விலக்கு உணவும்: கிரோன் நோய்க்கு எவ்வளவு உதவும்?

குடலில் நீண்டகால அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய் வந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு இல்லாமல் குடல் அழற்சியை அடக்கப் பழைய வழி ஒன்று உண்டு: ஆறு முதல் எட்டு வாரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, ஊட்டச்சத்துப் பானம் மட்டுமே கொடுப்பது. பலன் கிடைக்கும். ஆனால் மற்றவர்கள் சாப்பிடும் வீட்டில் ஒரு பிள்ளையை அப்படி வைத்திருப்பது பெரும்பாடு. இஸ்ரேலில் ஹோலோன் நகரின் வுல்ஃப்சன் மருத்துவமனையில் குழந்தைகள் குடல்நோய் மருத்துவராக இருந்த ஆரி லெவின் வகுத்த விலக்கு உணவு முறை இந்தச் சிரமத்தில்தான் கைகொடுக்கிறது. முதல் ஆறு வாரம் பாதி கலோரி நெஸ்லேயின் மோடுலன் ஐபிடி என்ற ஊட்டச்சத்துப் பவுடர், பாதி சில உணவுகளை விலக்கிய வீட்டுச் சாப்பாடு. அடுத்த ஆறு வாரம் பவுடர் கால் பங்கு.

2019-ல் வெளியான ஆய்வில், நோய் லேசாகவோ மிதமாகவோ இருந்த 74 குழந்தைகளிடம் லெவின் முறையையும், பானம் மட்டும் கொடுக்கும் பழைய முறையையும் ஒப்பிட்டார்கள். ஆறாம் வாரத்தில் இரு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பன்னிரண்டாம் வாரத்தில், ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியே இருந்தவர்கள் லெவின் முறையில் 75.6%, ஆறு வாரம் பானம் மட்டும் குடித்துப் பிறகு கால் பங்கு பானத்தோடு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களில் 45.1%. முறையைத் தாக்குப்பிடித்தவர்கள் 97.5%, மற்றதில் 73.6%. இந்தக் கடைசிக் கணக்குதான் என்னைக் கவர்ந்தது. ஆய்வுக்கு நெஸ்லே நிறுவனம் நிதி தந்தது என்பதையும் மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

கலக்கும் முறை: 210 மில்லி நீருக்கு டப்பாவிலுள்ள கரண்டியால் ஆறு கரண்டி, அதாவது 50 கிராம். 250 மில்லி பானம், சுமார் 250 கலோரி கிடைக்கும். கொதிக்க வைத்து ஆறிய நீரில் கலக்குங்கள். சுடுநீரில் பவுடர் கட்டி தட்டும், பானத்தைக் கொதிக்க விடவும் கூடாது. மடமடவென்று குடித்தால் வயிறு பிசையும், பேதியாகும். முதல் சில நாள் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, குளிர வைத்து, மெதுவாக உறிஞ்சச் சொல்லுங்கள்.

செலவை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். தினம் 1500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்குப் பாதி என்றால் 750 கலோரி, 150 கிராம் பவுடர். 400 கிராம் டப்பா மூன்று நாள்கூட வராது. பன்னிரண்டு வாரத்துக்கு ஏறக்குறைய 24 டப்பா. விலை கையைக் கடிக்கிறது என்று பானத்தைக் குறைத்தால் எடை இறங்கும். வீட்டுச் சாப்பாட்டில் பால் பொருள் எதுவும் இல்லை என்பதால் கால்சியமும் குறையும்.

சாப்பாட்டுப் பக்கம் கண்டிப்பு அதிகம். தினமும் கட்டாயம்: கோழி நெஞ்சுக்கறி, இரண்டு முட்டை, இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு வாழைப்பழம், தோல் சீவிய ஆப்பிள் ஒன்று. உருளையை வேகவைத்து ஆறவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காததாக மாறி, பெருங்குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. கோதுமை, பால், சிவப்பு இறைச்சி, பாக்கெட் உணவு எல்லாம் விலக்கு. காரணம், சில உணவுகளும், பாக்கெட் உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் போன்ற சேர்மானங்களும் குடலின் சளிப்படலத்தையும் பாக்டீரியாச் சமநிலையையும் கெடுக்கின்றன என்ற கருத்து.

நம் சமையலறைக்கு அரிசி, மஞ்சள், மிளகு, இஞ்சி, பூண்டு, கொத்தமல்லித்தழை அனுமதி என்பது பெரிய ஆறுதல். வெறும் அரிசி மாவு இடியாப்பம் பொருந்தும். இட்லி, தோசை முதல் கட்டமான ஆறு வாரத்தில் ஆகாது. அப்போது பருப்பு வகைகளும் விலக்கு, உளுந்தும் பருப்பு வகைதான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருப்பதால் அதிலும் சறுக்கிவிடலாம்.

எனக்கு இரண்டு குறைகள் படுகின்றன. பாலையும் பதப்படுத்திய பொருளையும் விலக்கச் சொல்லும் முறை, பால் புரதமான கேசினும் குளுக்கோஸ் சிரப்பும் சேர்ந்த டப்பாவைச் சார்ந்திருக்கிறது. பெரியவர்கள் 40 பேரிடம் நடந்து 2022-ல் வெளிவந்த ஆய்வில், ஆறாம் வாரத்தில் பவுடரோடு 68%, பவுடர் இல்லாமல் 57% பேருக்கு நோய் அடங்கியது. சிறிய ஆய்வில் இது உறுதியான வித்தியாசம் அல்ல. எனவே பெரியவர்கள் பவுடர் தேவையா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். அடுத்த குறை, கோழியும் முட்டையும் கட்டாயம் என்பது. சைவக் குடும்பங்கள் புரதத்தைத் தாங்களாக மாற்றிப் போடாமல் உணவியல் நிபுணரோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டும்.

பால் புரத ஒவ்வாமை இருந்தால் மோடுலன் கூடாது. குடல் சுருக்கமோ பௌத்திரமோ உள்ளவர்களும், பெருங்குடல் புண் நோய் உள்ளவர்களும் இந்த முடிவுகளைத் தங்களுக்கானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலி குறைந்தது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். ஆறாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பரிசோதனை செய்து, அளவு இறங்கியதா என்று மருத்துவரோடு பாருங்கள்.