நான்கு கோடை கண்ட பயோஃபில்டர்

ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தயாரிக்கும் ஒரு சிறிய யூனிட்டில் பராமரிப்பு என் பொறுப்பு. பசை மேசைகளிலிருந்து உறிஞ்சும் காற்றில் பசையில் கரைப்பானாக வரும் டொலுயீன், எதில் அசிடேட், மெத்தில் எதில் கீட்டோன் மூன்றின் ஆவியும் இருக்கும். முன்பு அதைக் கூரைக்குழாய் வழியே அப்படியே வெளியே விட்டோம். பின்தெரு வீடுகளில் பகலெல்லாம் ஜன்னல் மூடியே கிடக்கும். பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்தும். டொலுயீன், எதில் அசிடேட் ஆவிகளை நுண்ணுயிர்கள் வாழும் படுகையில் நீக்கிக் காட்டிய, ஓட்டன்கிராஃப் என்ற ஆய்வாளரின் 1983 நெதர்லாந்து ஆய்வைப் படித்த தைரியத்தில்தான், அப்படியொரு பயோஃபில்டர் வைக்கலாம் என்று முதலாளியிடம் பேசினேன்.

கொல்லையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் தொட்டி. அதில் 1.2 மீட்டர் உயரத்துக்குக் கம்போஸ்ட்டும் தேங்காய் மட்டைத் துண்டுகளும், புளிப்பேறாமல் இருக்கக் கொஞ்சம் கிளிஞ்சல் தூளும். மணிக்கு 1,800 கனமீட்டர் காற்று அடியிலிருந்து மேலேறுகிறது. படுகையைக் கடக்க அதற்குக் கிடைப்பது ஒரே நிமிடம். அதற்குள் ஆவி ஈரப்படலத்தில் கரைய வேண்டும், அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைத் தின்ன வேண்டும். எதில் அசிடேட்டின் பழவாசனை சில நாட்களில் போய்விட்டது. டொலுயீன் அடங்க ஒரு மாதம் பிடித்தது.

முதல் மே மாதமே நெடி திரும்பியது. மேலிருந்து தண்ணீர் தெளித்தால் போதும் என்று அமைத்துத் தந்தவர்கள் சொல்லியிருந்தார்கள், தினமும் தெளித்தோம். மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தேன். மேலே ஒரு சாண் சேறு. அடியில் கை விட்டு அள்ளினால் மூக்குப்பொடி போல விரலிடுக்கில் உதிர்ந்தது. வறண்ட காற்று நுழைகிற இடம்தானே முதலில் காயும்! மேலே ஊற்றிய தண்ணீரோ வெடிப்புகள் வழியே வடிந்து போயிருக்கிறது. படுகையைக் கிளறி நனைத்து, காற்று உள்ளே போகும் முன் நீர்த்திவலையில் நனைந்து வரும்படி ஒரு கோபுரம் வைத்த பிறகுதான் சரியானது. 40 டிகிரியைத் தாண்டினால் பாக்டீரியா சோர்ந்துவிடும். வேலூர்ப் பக்கத்து வெயிலில் அந்தக் கோபுரம் காற்றைக் குளிர்விப்பது கூடுதல் லாபம். இப்போது வாரந்தோறும் அடியிலிருந்து 100 கிராம் எடுத்து, 105 டிகிரியில் இரவெல்லாம் உலர்த்தி நிறுக்கிறேன். 50 முதல் 60 கிராம் குறைந்திருந்தால் நிம்மதி.

ரம்ஜான், பொங்கல் விடுமுறையிலும் ப்ளோவரை மெல்ல ஓடவிடுவோம். நிறுத்திவிட்டால் உள்ளே காற்றில்லாமல் அழுகல் தொடங்கிவிடும்.

மூன்றாம் ஆண்டில் கம்போஸ்ட் அமுங்கி, அழுத்த இழப்பு, அதாவது படுகையைக் கடக்கக் காற்றுக்கு வேண்டிய தள்ளு அழுத்தம், 25 மில்லிமீட்டர் நீர்மட்டத்திலிருந்து 90-க்கு ஏறியது. நான்காம் ஆண்டில் படுகையை மாற்றினோம். பழையதில் ஒரு பங்கைப் புதியதோடு கலந்ததால் இரண்டே வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது.

டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறவர்கள் யோசித்து இறங்குங்கள். அது சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்து படுகையைக் கெடுக்கும். ஹெக்ஸேன் என்ற கரைப்பான் தண்ணீரில் கரையவே தயங்கும், ஒரு நிமிடம் அதற்குப் போதாது. பசை மேசையில் இருப்பவர்களைக் காப்பது உறிஞ்சும் குழாய்தான், பயோஃபில்டர் அல்ல. அந்தக் குழாயில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எரிபொருள் செலவு கிடையாது. ப்ளோவருக்கும் சிறு பம்புக்கும் மின்சாரம், வாரத்தில் என் இரண்டு மணி நேரம், அவ்வளவே. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஆள் ஒதுக்க முடியாத யூனிட் இதை வாங்க வேண்டாம்.