கார்டு பாக்கி: ஒன்றை செட்டில்மென்ட்டில் முடித்தேன், ஒன்றைத் தவணையில் கட்டினேன்

2021-இல் எனக்கு இரண்டு வங்கிகளில் கிரெடிட் கார்டு பாக்கி இருந்தது. முதல் கார்டில் எட்டு மாதமாக எதுவும் கட்டவில்லை. 1,84,000 ரூபாய் ஆகியிருந்தது. இரண்டாவதில் இரண்டு மாத பாக்கி, 92,000 ரூபாய். முதல் கார்டை 95,000 ரூபாய்க்குப் பேசி செட்டில்மென்ட்டில் முடித்தேன், அதாவது மீதியை வங்கி தள்ளுபடி செய்தது. இரண்டாவதை 18 மாதத் தவணையாக மாற்றச் சொல்லி முழுதும் கட்டினேன். இரண்டையும் நானேதான் பேசினேன். இப்போது யார் கேட்டாலும், மாதச் சம்பளம் கொஞ்சமாவது வருகிறது என்றால் தவணைக்கே போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது வழியாக, நமக்காக வங்கியிடம் பேசித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. நான் அவர்களிடம் போகவில்லை, அதனால் விவரமாக எழுத முடியாது. கட்டணம் கேட்பார்கள், அவர்கள் பேசினாலும் நம் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறப்போவது, முழுதும் கட்டாமல் பேசி முடித்த கணக்கு என்பதைக் குறிக்கும் அதே ‘செட்டில்டு’தான். ‘சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்’ (சிபில் என்பது இந்த ரிப்போர்ட்டைத் தரும் நிறுவனங்களில் ஒன்று) என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவு இருந்தால் நாமே இலவசமாகப் புகார் கொடுக்கலாம்.

செட்டில்மென்ட்டின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தொகை குறையும், சீக்கிரம் முடியும், போன் நிற்கும். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஏறிக்கொண்டே போகும் கணக்கில் 89,000 ரூபாய் தள்ளுபடி என்றதும் எனக்கு மூச்சு வந்தது. “சார், இன்னைக்கே கட்டினா பாதியில முடிச்சுடலாம்” என்று கலெக்‌ஷன் ஏஜென்ட் தினமும் சொல்வார். முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. வங்கிக்கே மின்னஞ்சல் எழுதினேன். என்னால் 80,000 முடியும் என்று ஆரம்பித்தேன். மூன்று வாரம் இழுத்து 95,000-இல் நின்றது. வங்கியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வந்த பிறகுதான் பணம் கட்டினேன், அதுவும் நேராகக் கார்டு கணக்கில். ஏஜென்ட் தன் யு.பி.ஐ. எண்ணை அனுப்பினார்; அதைத் தொடவே இல்லை.

தவணைக்கு மாற்றுவது இதைவிடச் சுலபமாக இருந்தது. பாக்கி விழுந்து இன்னும் 90 நாள் ஆகவில்லை என்பதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன் நாமாகப் போய்க் கேட்டால் வங்கியும் இறங்கி வருகிறது. வருடம் 15 சதவீத வட்டியில் மாதம் 5,740 ரூபாய் வந்தது. மொத்தத்தில் பதினோராயிரத்துச் சொச்சம் வட்டி போனது. அந்த 18 மாதமும் இறுக்கமாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். 2024-இல் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தேன். அதிகாரி என் ரிப்போர்ட்டை அச்செடுத்து மேசையில் வைத்து, பேனா முனையை ஒரு வரியில் நிறுத்தினார். முதல் கார்டின் வரி. கணக்கின் நிலை: செட்டில்டு. அதற்குக் கீழேயே இரண்டாவது கார்டு, குளோஸ்டு. அதிலும் இரண்டு மாதம் தாமதம் பதிவாகியிருந்தது, ஆனால் அதைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. “இதை குளோஸ்டு ஆக்கிட்டு வாங்க சார், அப்புறம் பார்க்கலாம்” என்றார். என் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனைக் கட்டும் ஒழுங்குக்கான மதிப்பெண், அப்போது 668. அவர் ஸ்கோரைப் பற்றிப் பேசவே இல்லை, அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசினார்.

கடன் கொடுப்பவர் கண்ணில் ‘செட்டில்டு’ என்றால், இவர் ஒருவருக்கு முழுப் பணமும் தரவில்லை என்று அர்த்தம். ‘குளோஸ்டு’ என்றால் தாமதமானாலும் தந்துவிட்டார். செட்டில்மென்ட் செய்த வங்கி குறைந்தது 12 மாதத்துக்கு நமக்குப் புதுக் கடன் தரக் கூடாது என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி விதியும் வந்திருக்கிறது. விவசாயக் கடனுக்குத்தான் அந்த 12 மாதக் கணக்கு கிடையாது. மற்ற வங்கிகளுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் ரிப்போர்ட்டை எல்லோரும்தான் பார்க்கிறார்கள்.

சரி, என்ன செய்தேன்? பழைய வங்கிக்குப் போய், தள்ளுபடி செய்த தொகையைக் கட்டுகிறேன், நிலையை மாற்றுங்கள் என்று கேட்டேன். முழு 89,000 ரூபாயும் கேட்டார்கள். மிச்சம் பிடித்ததாக நினைத்த அதே பணத்தை மூன்று வருடம் கழித்துக் கொண்டுபோய்க் கட்டினேன். பாக்கி எதுவும் இல்லை என்ற என்.ஓ.சி. கடிதம் கிடைத்தது. ஆனால் ரிப்போர்ட்டில் மாறவில்லை. அதற்கும் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதைக் குறிப்பிட்டு எழுதினேன். 26-ஆம் நாள் மாறியது.

அதன் பிறகு நான்கு மாதத்தில் ஸ்கோர் 731-க்கு வந்தது. அது முழுக்க இந்த மாற்றத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். வைப்புத்தொகையை ஈடாக வைத்து ஒரு கார்டு வாங்கி, அதில் வரம்பில் கால் பங்குக்கு மேல் போகாமல் செலவழித்து, தேதி தவறாமல் கட்டிக்கொண்டும் இருந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நான் பேசியது கார்டு பாக்கிக்கு மட்டும். தனிநபர் கடன், நகைக் கடன் இவற்றில் வங்கிகள் இதே மாதிரி இறங்கி வருமா என்பதற்கு என் அனுபவம் போதாது.

பேசத் தொடங்கும் முன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் ரிப்போர்ட் எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஒவ்வொன்றும் இலவசம். ஒன்றில் இருக்கும் தவறு இன்னொன்றில் இல்லாமலும் போகலாம். போன் தொல்லைக்குப் பயந்து அவசரமாகச் சம்மதிக்கவும் வேண்டாம்: காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. மீறினால் வங்கியிடம் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வருமானமே நின்றுபோனவர், வீட்டில் பெரிய வைத்தியச் செலவு வந்தவர் போன்றோருக்குத் தவணை என்பது வெறும் பேச்சு. அவர்கள் செட்டில்மென்ட்டைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் கடிதத்தில் கார்டின் கடைசி நான்கு எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி மூன்றும் இருக்கட்டும். மீதியைப் பின்னால் கட்டினால் நிலையை ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தருவீர்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். நான் அன்று அதைக் கேட்டு வைத்திருந்தால் 2024-இல் ஆறு முறை அந்த வங்கிக் கிளைக்கு அலைந்திருக்க மாட்டேன்.