கார் மோதிவிட்டது: கையோடு வாங்கிக்கொண்டு போவதா, எழுதிப் பதிவதா?

உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகிற சாலையில் சைக்கிளைக் கார் தட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். கூட்டத்தில் ஒருவர், "பெரிசா ஒண்ணும் இல்லண்ணே, ஏதாச்சும் வாங்கிக்கிட்டு முடிச்சுக்கங்க" என்பார். கார்க்காரரும் அவசரத்தில் இருப்பார். ராமேஸ்வரம் போய்விட்டு அன்றிரவே ஊர் திரும்ப வேண்டியவராக இருப்பார். இரண்டாயிரமோ மூவாயிரமோ நீட்டுவார். வாங்குவதா, வேண்டாமா?

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சைக்கிளுக்கு ஆன சேதத்தை அங்கேயே பேசலாம். உடம்புக்கு ஆனதை எக்ஸ்ரே எடுக்கும்வரை பேசவே கூடாது.

காரணம் உடம்பில்தான் இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் உள்ள சின்ன எலும்பு விரிசல் விடும். முதல் நாள் எக்ஸ்ரேயில்கூட அது தெரியாமல் போகலாம். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கும்போதுதான் தெரியும். ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியிருந்தால் வெளியே ஒரு வட்டத் தடம் மட்டும் இருக்கும், உள்ளே மண்ணீரலில் ரத்தம் கசியலாம். இடது தோளில் காரணமில்லாமல் வலி ஏறுவது அதற்கு ஓர் அடையாளம். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், இரவில் வாந்தி எடுத்து மயங்குவார். இவை எதுவும் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிய நேரத்தில் தெரியாது. அடிபட்ட சூட்டில் வலியே குறைவாகத்தான் இருக்கும்.

முதல் பத்து நிமிடம்

எழுந்து நிற்பதா, படுத்திருப்பதா? கழுத்து வலித்தாலோ, விரல்கள் மரத்தாலோ படுத்தே இருங்கள். ஹெல்மெட்டை யாரும் இழுத்துக் கழற்ற விடாதீர்கள். தனுஷ்கோடிச் சாலையில் நிழல் தர ஒரு மரம் கிடையாது, நண்பகலில் தார் சுடும். அதற்காகத் தூக்கி ஓரத்தில் போடச் சொல்லாதீர்கள். நாலு பேர் துண்டைப் பிடித்து நிழல் கொடுத்தால் போதும். சிராய்ப்பைக் கடல் தண்ணீரில் கழுவுகிற பழக்கம் இங்கே உண்டு. வேண்டாம். நல்ல தண்ணீரில் மணல் போகக் கழுவி, டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதா, முதலில் வண்டியை ஓரம் கட்டுவதா? படம்தான் முதலில். இந்தக் கரையில் காற்று மணலை அள்ளிச் சாலையில் போட்டுக்கொண்டே இருக்கும்; டயர் தடம் சீக்கிரமே மூடிவிடும். நம்பர் பிளேட், கார் நிற்கும் இடம், சைக்கிள் கிடக்கும் இடம், டயர் தடம், பக்கத்துக் கிலோமீட்டர் கல்: ஐந்து படம். பாம்பன் சாலைப் பாலத்தில் என்றால் நெரிசல் உடனே கட்டும், ஆகவே எடுத்த கையோடு நகர்ந்துவிடுங்கள். புதிய ரயில் பாலத்தைப் பார்க்கப் பாலத்தின் மேலேயே காரை நிறுத்திச் சட்டென்று கதவைத் திறப்பவர்களும் உண்டு. நின்ற காரின் கதவில் மோதி விழுந்தாலும் அது மோட்டார் வாகன விபத்துதான். "நான் ஓட்டவே இல்லையே" என்ற பேச்சுக்கு மடங்காதீர்கள்.

கார் நிற்காமல் ஓடிவிட்டால்? பைக்கில் ஆளை அனுப்பித் துரத்துவதைவிட 100க்கோ 112க்கோ போன் செய்வது மேல். ராமேஸ்வரம் தீவிலிருந்து கார் வெளியேற ஒரே சாலைப் பாலம்தான் இருக்கிறது. நிறம், மாடல், போன திசை சொன்னால் பாம்பனிலேயே மடக்க வாய்ப்பு உண்டு. மதுரைப் பக்கம் போயிருந்தால் போகலூர் சுங்கச்சாவடி கேமராப் பதிவைக் கேட்டு வாங்கும்படி புகாரிலேயே எழுதுங்கள்.

108 வண்டியா, மோதிய காரா?

இதைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். 108 வந்தால் அழைத்த நேரமும் ஏற்றிய இடமும் பதிவாகும். மோதியவர் காரிலேயே போனால் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டரிடம் முதலில் பேசுவது அவராக இருக்கும். "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாரு" என்று அவர் சொன்னால் ஏ.ஆர். என்கிற ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவுப் புத்தகத்தில் அப்படியே ஏறிவிடும். பின்னால் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் கேட்டு வாங்குவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். தானாக விழுந்ததாக ஒரு வரி இருந்தால் கார் மோதியதை நிரூபிக்கும் பாடு உங்கள் தலையில் விழும்.

ஆகவே மயக்கமில்லாதவர் தன் வாயாலேயே சொல்லட்டும்: தேதி, நேரம், இடம், கார் நம்பர், கார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவரோடு உறவினரோ பார்த்த ஒருவரோ கட்டாயம் போக வேண்டும். உதவிக்கு வருபவரைப் பெயர் சொல்லும்படி போலீசோ ஆஸ்பத்திரியோ வற்புறுத்த முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. இதைச் சொன்னால் தயங்குகிற ஆளும் வருவார்.

விதிவிலக்கு, தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அது ஒன்பதரை கிலோமீட்டர் தள்ளி. போன் சில சமயம் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் நிற்காமல் போகிறது என்றால் கிடைத்த வண்டியில் ஏறி ராமேஸ்வரம் நோக்கிக் கிளம்புங்கள், 108ஐ எதிரே வரச் சொல்லுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா? இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி எதுவானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. 2025 மே மாதம் வந்த மத்திய அரசின் திட்டம் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை தாங்கும். திட்டத்தில் இல்லாத சிறு கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவதுதான் மோசமான வழி: ஏ.ஆர். இருக்காது, போலீசுக்குத் தகவலும் போகாது.

கைப்பணமா, வழக்கா?

வெறும் சிராய்ப்பு, வளைந்த சக்கரம் என்றால் பேசி முடிப்பதில் தப்பில்லை. ஆனால் ரசீது இப்படி இருக்கட்டும்: "சைக்கிள் பழுதுக்காக மட்டும் இத்தனை ரூபாய் பெற்றேன். உடல் காயம் குறித்த உரிமை எதையும் விடவில்லை." தேதி, கார் நம்பர், இரண்டு பேர் கையெழுத்து. ரொக்கத்தைவிடக் கூகுள் பே நல்லது. யார் கொடுத்தார் என்பதற்கு அதுவே சாட்சி. வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எலும்பு முறிவு, பல் உடைவு, 15 நாள் வேலைக்குப் போக முடியாத வலி என்றால் அது கொடுங்காயம். அங்கே கைப்பணத்துக்கு இடமே இல்லை. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். சீட்டோடு (புகார் பெற்றதற்கான ரசீது மட்டும்) திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், வழக்குப் பதிந்ததற்கான எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று கேளுங்கள், அதன் நகல் இலவசம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமாக ஓட்டுதல்), 125 (பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தல்) பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சிகிச்சையால் புகார் தாமதமானால் அந்தக் காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். முதல் விபத்து அறிக்கையைப் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 முதல் விதி.

இனி பணம் வரும் வழிகள். கார் கடைசிவரை தெரியவில்லை என்றால் கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். மனு வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில். கார் தெரிந்தால் இரண்டு வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம். யார் மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இரவில் விளக்கில்லாமல் ஓட்டியவருக்கும், எதிர்ப்பக்கம் வந்தவருக்கும் இதுவே பாதுகாப்பு. 166ஆம் பிரிவில் கார்க்காரரின் தவறை நிரூபிக்க வேண்டும், நாளாகும், ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை.

கடலோரத் தொழிலாளிக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரிது. மாதம் 15,000 சம்பாதிக்கும் 32 வயதுக்காரருக்கு உழைப்புத் திறனில் 20 சதவீத இழப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதை வைத்து வகுத்த பெருக்கெண் இவருக்கு 16. 15,000 × 12 × 16 × 20% என்றால் 5,76,000. மருத்துவச் செலவும் வேதனைக்கான தொகையும் இதற்கு மேல். அதிலும், உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னபடி, டாக்டர் தரும் ஊனச் சதவீதத்தை அப்படியே எடுக்கக் கூடாது. அந்தத் தொழிலுக்கு அது எவ்வளவு பாதிப்பு என்று பார்க்க வேண்டும். மணிக்கட்டு மடங்காத ஒருவர் கணக்கு எழுதலாம், பனை ஏறவோ வலை இழுக்கவோ முடியாது. சாயல்குடிப் பனையேறியும் பாம்பன் மீனவரும் இந்த வாதத்தை வக்கீலிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று தளர வேண்டாம். நல வாரிய அட்டை, மீன் ஏலச் சீட்டு, கூட்டுறவுச் சங்கப் புத்தகம் எல்லாம் உதவும்.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. இன்சூரன்ஸ்காரர்கள் 164இன்படி தரும் தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள 166 மனு அத்தோடு முடிந்துபோகும். எலும்பு கூடி, ஊனம் எவ்வளவு என்று தெரிவதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள். 166 மனுவுக்குச் சட்டம் வைத்த கெடு விபத்து நாளிலிருந்து 6 மாதம். மனுவை ராமநாதபுரத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

சைக்கிளை நிமிர்த்துவதா, மாற்றுவதா?

படமும் கடைக்காரரின் செலவு மதிப்பீடும் எடுக்கும்வரை சைக்கிளைத் தொடாதீர்கள். ரிம் லேசாக ஆடினால் ஸ்போக்கை முறுக்கிச் சரிசெய்யலாம். ஃபோர்க் வளைந்தால் நிமிர்த்தாமல் மாற்றுங்கள்: உப்புக் காற்று இரும்புக் குழாயை உள்ளிருந்து அரித்திருக்கும், நிமிர்த்திய இடத்திலேயே ஒருநாள் ஒடியும். ஹேண்டில் குழாய்க்குப் பின்னால் கீழ்க் குழாயில் விரலால் தடவிப் பாருங்கள். சுருக்கம் தட்டுப்பட்டால் ஃபிரேம் போய்விட்டது. அலுமினியத்தையும் கார்பனையும் நிமிர்த்தவே முடியாது. தரையில் மோதிய ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் இனி தலையைக் காக்காது. அதன் விலையையும் சேத மதிப்பீட்டில் சேர்த்து எழுதுங்கள்.