சீல் (கடல்நாய்) எண்ண எது சரி: ஹெலிகாப்டரா, விமானமா, ட்ரோனா?

குளுவாங் பக்கம் செம்பனை தோட்டத்துல ட்ரோன் விட்டு மரம் எண்றது என் வேலை. ஹெக்டருக்கு 136லருந்து 148 மரம் இருக்கணும், எது பட்டுப்போச்சுன்னு மேலருந்து பார்த்தா பளிச்சுன்னு தெரியும். ஸ்காட்லாந்துல சீல் எண்ண ஹெலிகாப்டர் விடுறாங்கன்னு சொன்னேன், ஆபிஸ் கிராணி அண்ணன், “ட்ரோன் இருக்கையில எதுக்கு தம்பி அவ்ளோ செலவு?”ன்னாரு. மரம் வச்ச எடத்துல நிக்கும்ணே, சீல் நிக்குமா?

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்து ஆளுங்க ஹார்பர் சீல்ங்கிற வகைய எண்றது ஆகஸ்ட்லதான். அப்போ பழைய முடி கொட்டி புதுசு மொளைக்கும், ரத்தம் தோலுக்கு ஏறி உடம்பு சூடா இருக்கும், பாறைமேல ரொம்ப நேரம் கெடக்கும். பாறையும் சீலும் ஒரே நிறம், வெறுங்கண்ணுக்கு சிக்காது, ஆனா ஹெலிகாப்டர்ல இருக்குற, சூட்ட படமா காட்டுற தெர்மல் கேமராவுல சாம்பலுக்குள்ள கங்கு மாதிரி தெரியும். அதுவும் தண்ணி நல்லா வத்துற நேரத்துக்கு முன்ன பின்ன ரெண்டு ரெண்டு மணி நேரம்தான், அதுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போற கரைய முடிச்சாகணும், பேட்டரி மாத்தி மாத்தி ட்ரோன் விட்டுட்டு இருந்தா கடல் ஏறிடும். மழைன்னா தெர்மலும் வேலைக்கு ஆகாது, சீலும் கடல்ல எறங்கிடும். இவ்ளோ பாத்து எண்ணியும் கெடைக்கிறது மொத்தத்துல சுமார் 72%தான், மிச்சம் தண்ணியில இருக்கும்னு கணக்குல சேக்குறாங்க.

கிரே சீல்ங்கிற இன்னொரு வகைக்கு விமானம். குட்டிங்க இலையுதிர் காலத்துல வெள்ள முடியோட பொறந்து மூணு வாரம் போல கரையிலயே கெடக்கும், நேர் கீழ பாத்து போட்டோ எடுத்தா போதும். எல்லாம் ஒரே நாள்ல பொறக்காததால சீசன்ல பல ரவுண்டு போகணும்.

ட்ரோன் ஒரு சின்ன தீவு, ஒரு கடற்கரைக்கு அருமை, படம் அவ்ளோ தெளிவு. ஆனா தாழ விட்டா முதல்ல ஒண்ணு தலைய தூக்கும், அப்புறம் கூட்டமே சரசரன்னு தண்ணிக்கு ஓடும், அந்த நெரிசல்ல குட்டி நசுங்குனா யாரு பொறுப்பு? உயரமா விடத் தெரியாதவங்க கையில குடுக்கவே கூடாது.

என் ஓட்டு நீளமான கரைக்கு ஹெலிகாப்டருக்குத்தான். நம்ப ஜோகூர்ல, மெர்சிங் பக்கம் புலாவ் சிபு, புலாவ் திங்கியில இருக்குற டூகோங், அதான் கடல்பசு, அது வேற கதை. கரைக்கே ஏறாது, மூச்சு விட மூக்க மட்டும் தூக்கிட்டு முங்கிடும். அதுக்கு தெர்மல் தூக்கிட்டு போயி புண்ணியமில்ல, விமானத்துல ரெண்டு பக்கமும் ஆள் உக்காந்து கண்ணு இமைக்காம பாக்கணும்.