எம்.சி.ஆர். செருப்பு: ஏழு மாதம் அப்பா போட்டு நடந்த பிறகு எழுதுகிறேன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் 11 வருடம் குவாலிட்டி செக்கிங். ஒரு ஜோடியைக் கையில் எடுத்தால் முதலில் தையலைப் பார்ப்பேன், அப்புறம் சோல் ஒட்டிய ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பேன். அந்தக் கண்ணோடுதான், உணர்வு போன கால்களுக்காகச் செய்யும் இந்த எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பையும் பார்த்தேன். ஆனால் இதைத் தையலோடும் பசையோடும் நிறுத்தி எழுத என்னால் முடியவில்லை.

அப்பாவுக்கு 74 வயது. லூத்தரன் சபையில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 22 வருடமாகச் சர்க்கரை. போன வருடம் குருத்தோலை ஞாயிறு பவனியில் ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடி ஊரைச் சுற்றி வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து நாற்காலி வரை சிவப்பாகப் பெருவிரல் அடையாளம். அதைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார், "யாருக்கும்மா அடிபட்டுது?"

அவருக்குத்தான். அரை அங்குல ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு பெருவிரலுக்குக் கீழே ஏறியிருந்தது. அதோடு ஒன்றரை மணி நேரம் நடந்திருக்கிறார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்ததால் தெரியவே இல்லை. அந்தப் புண் ஆற நாலரை மாதம் ஆனது. ஆறியதும் டாக்டர், "இனி சாதாரணச் செருப்பு வேண்டாம், எம்.சி.ஆர். போடுங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

அப்பா மாட்டேன் என்றார். எங்கள் பக்கத்தில் அந்தச் செருப்புக்கு வேறு பெயர், குஷ்டரோகிச் செருப்பு. தெருவில் அதைப் போட்டு நடந்தால் ஆள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார்கள். "எனக்கு அந்த வியாதி இல்லையே, நான் எதுக்குப் போடணும்?" என்று பத்து நாள் பிடிவாதம். கடைசியில் அம்மா, "கால் போனா பிரசங்க பீடத்துல யாரு தூக்கி வைப்பாங்க?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். கிளம்பினோம்.

வேலூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் செருப்புப் பட்டறை. பெயர் போடவில்லை, ஏனென்றால் நான் எழுதுவது செருப்பைப் பற்றி. சில குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் செருப்பை வேறு சில மிஷன் ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். தொழுநோயால் கால் உணர்வு போனவர்களுக்கு அரசுத் திட்டத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். எங்களுக்கு அளவெடுத்துச் செய்ய 850 ரூபாய் ஆனது.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து அழுத்துகிறார்கள். பத்து கிராம் அழுத்தம் வந்ததும் இழை வளையும். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்தால் 'ம்' சொல்ல வேண்டும். பத்து இடத்தில் தொட்டார்கள். அப்பா மூன்று முறைதான் 'ம்' சொன்னார். மீதி ஏழு இடத்தில் இழை வளைந்து நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறார். அதற்கப்புறம் மை தடவிய பாய் மேல் காகிதம் போட்டு நடக்கச் சொன்னார்கள். பாதத்தில் எங்கே பாரம் அதிகம் விழுகிறதோ அங்கே காகிதத்தில் கறுப்பு அடர்த்தியாக விழுகிறது. பெருவிரலுக்குக் கீழே திட்டுத் திட்டாகக் கறுப்பு, ஆணி ஏறிய அதே இடம்.

அளவெடுத்தவருக்கு அறுபது வயது இருக்கும். அவர் தொழுநோய் வந்து குணமானவர். விரல்கள் மடங்கியவை, ஒரு கையில் ஆபரேஷன் தழும்பு. கைப்பிடியில் ரப்பர் சுற்றித் தடிமனாக்கிய கத்தி வைத்திருந்தார். தரையில் உட்கார்ந்து அப்பாவின் காலைத் தன் தொடை மேல் எடுத்து வைத்துக்கொண்டார். அப்பாவின் கால் ஒரு கணம் பின்னால் போனதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை. காலைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்தார். எங்கள் சபைப் போதகர் பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். அதிலும் இவ்வளவு நேரம் எடுத்து ஒரு காலைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

ரப்பர் ஷீட்டை வெட்டுவதற்கு முன்னால் என்னிடம் நீட்டினார். "கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவுல வச்சு அழுத்துங்கம்மா. பாதி அளவுக்கு அமுங்கணும். எனக்குக் கையில உணர்ச்சி இல்ல, யாராவது பார்த்துச் சொன்னாத்தான் தெரியும்." அழுத்தினேன். பாதிக்கு அமுங்கியது, விட்டதும் உடனே எழும்பியது. எங்கள் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டருக்கு வைக்கும் இன்சோலில்கூட இந்தச் சீரான அமுக்கத்தை எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன்.

செருப்பின் கட்டமைப்பைச் சொல்கிறேன். மேலே நுண்ணிய காற்றறைகள் கொண்ட எம்.சி.ஆர். ரப்பர், அளந்ததில் 10 மில்லிமீட்டர். அடியில் முள்ளோ கண்ணாடிச் சில்லோ லேசில் ஏறாத கெட்டி ரப்பர். மெத்தென்ற மேலடுக்கு பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்புகிறது, கெட்டியான கீழடுக்கு தெருவைத் தடுக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் உபயோகமில்லை. ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் பசையும் தையலும்தான். விரலில் மாட்டும் வளையமும் கிடையாது. மரத்துப்போன கால் வளையத்தைக் கவ்விப் பிடிக்க முடியாது, வளையம் விரலை அறுத்தாலும் தெரியாது. அதனால் முன்னால் இரண்டு அகலப் பட்டை, பின்னால் குதிகாலைப் பிடிக்க ஒரு வார். வார் இல்லையென்றால் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வெறுங்காலில் நடந்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொரு பாகமும் உணராத ஒரு காலுக்காக வேறொருவர் யோசித்து வைத்தது.

யோசித்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், டாக்டருக்குப் படிக்குமுன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அங்கே தொடங்கினார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி உதிர்வதாகத்தான் அதுவரை நம்பினார்கள். வலி தெரியாததால் தினசரி ஏற்படும் காயமே பெரும்பாலும் காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் நோயாளிகளுக்குத் தெரியவில்லை. அதனால் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினாராம். பட்டறை வைத்துச் செருப்பு செய்யும் வேலையையும் தன் வைத்தியத்தின் பாகமாகவே அவர் எடுத்துக்கொண்டார். 1955இல் காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையமும் இந்த வேலையைத் தொடர்ந்தது. அன்று தொழுநோயாளிக்காகக் கண்டுபிடித்தது இன்று சர்க்கரைக்காரர்களின் காலையும் காப்பாற்றுகிறது.

இதையெல்லாம் பஸ்ஸில் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும் எங்கள் பழைய சபையில் கடைசி பெஞ்சில் உட்காருகிற ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. திருவிருந்துக்கு எல்லாரும் போன பிறகு கடைசியாக வருவார். இதே மாதிரிச் செருப்பு, பச்சை நிறப் பட்டை. "அவருக்காக எத்தனையோ தரம் ஜெபம் பண்ணியிருக்கேன். கால் எப்படி இருக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல" என்றார் அப்பா. வீடு வரும் வரை வேறு பேசவில்லை.

அப்பா வாழ்நாள் முழுக்கப் பிரசங்கித்தது ஒன்றே ஒன்று. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம், கிரியைகளினால், அதாவது நம் செயல்களால், அல்ல. எபேசியர் 2:8, 9 இரண்டு வசனத்தையும் மனப்பாடமாகச் சொல்லி வேதாகமத்தை மூடிவிடுவார். அதை நான் மனதார நம்புகிறேன். சொர்க்கத்துக்குப் புள்ளி சேர்க்கும் கணக்கு எங்கள் வீட்டில் கிடையாது, அந்தப் பயமில்லாமல் வளர்ந்ததற்கு அப்பாவுக்கு நன்றி. யாக்கோபு நிருபத்தை மட்டும் அவர் அதிகம் தொடமாட்டார். எங்கள் சபைப் பிரிவுக்கு மூலவரான மார்ட்டின் லூத்தரே 1522இல் அதை வைக்கோல் நிருபம் என்று எழுதியவர்தானே. ரோமர் 3:28இல் 'விசுவாசத்தினாலேயே' என்றிருக்கும் அந்த 'யே'யை அப்பா குரலை உயர்த்தி வாசிப்பார். யாக்கோபு 2:24இல் 'விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்' என்று வரும்போது குரல் தாழ்ந்துவிடும்.

செருப்பு வந்த பிறகு ஒரு ராத்திரி எபேசியரை எடுத்து நான் அடுத்த வசனத்தையும் படித்தேன். நற்கிரியைகளைச் செய்வதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, 'அவைகளில் நாம் நடக்கும்படி அவர் முன்னதாக அவைகளை ஆயத்தம்பண்ணியிருக்கிறார்' என்று முடிகிறது. நடக்கும்படி! எத்தனை தடவை கேட்டிருப்பேன், செருப்பைக் கையில் வைத்திருந்தபோதுதான் அந்த வார்த்தை உறைத்தது. இந்தச் செருப்பு அப்பா ஒழுங்காக நடந்ததற்குக் கொடுத்த கூலி இல்லை. அவர் கால் அளவுக்கு முன்னதாகவே செய்து வைத்து, இனி நட என்று கொடுத்தது. கொடுத்ததை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு 'எனக்குச் செருப்பு இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தால் கால் காப்பாற்றப்படாது. எபேசியரும் ரோமரும் எழுதிய பவுலுக்கும் யாக்கோபுக்கும் சண்டை என்று நான் இப்போது நினைப்பதில்லை.

'கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது' என்ற வசனத்தில் எனக்கு ரொம்ப நாள் ஒரு சந்தேகம் இருந்தது. செத்தது என்றால் பார்த்தாலே தெரிய வேண்டுமே? அப்பாவின் பாதத்தைப் பார்த்தால் அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். நிறம் இருக்கிறது, சூடு இருக்கிறது, பவனியில் நடக்கிறது. ஆணி ஏறினால் மட்டும் தெரியவில்லை. எங்கள் விசுவாசமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஞானப்பாட்டு பாடியது, வசனம் சொன்னது, கடைசி பெஞ்சில் ஒருவருக்கு ஆணி ஏறியது மட்டும் அதற்குத் தெரியவில்லை. யாக்கோபு அந்த இடத்தில் காட்டும் உதாரணம் துணியும் சாப்பாடும்தான். அவை இல்லாதவனிடம் 'சமாதானத்தோடே போங்கள்' என்று சொல்லி அனுப்புவதைத்தான் கேட்கிறார். அதைத்தான் அப்பா அந்த பஸ்ஸில் நினைத்திருப்பார்.

செருப்பு வாங்கப் போன அன்று அப்பா அந்தப் பட்டறைக்காரரிடம், "எத்தனை வருஷமா செய்யறீங்க ஐயா?" என்று கேட்டார். 'ஐயா' என்று அவர் சொல்லி நான் அப்போதுதான் கேட்டேன். "முப்பத்தொரு வருஷம். எனக்கு முதல்ல ஒருத்தர் செஞ்சு குடுத்தாரு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் இங்க வேலைக்கே நடந்து வந்தேன்" என்றார் அவர். அதோடு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அளவு கொடுத்த பிறகு மூன்று வாரம் ஆனது, இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. வயதானவர்களுக்கு அது கஷ்டம். சொன்ன தேதியில் போனபோது தயாராக இல்லை, போன் செய்து சொல்லியிருக்கலாம். பட்டையை மூடும் வெல்க்ரோ நாலு மாதத்தில் பஞ்சு சேர்ந்து பிடிமானம் விட்டது. உள்ளூர்த் தைப்பவரிடம் 60 ரூபாய்க்கு மாற்றிக்கொண்டேன். நனைந்தால் காய ஒரு முழு நாள். ஒற்றைச் செருப்பு எங்கள் வீட்டுத் தராசில் 410 கிராம், முதல் வாரம் அப்பாவுக்குப் பாரமாக இருந்தது. நிறமும் வடிவமும் இன்னும் கொஞ்சம் கவனித்துச் செய்தால், பார்த்ததும் இன்ன வியாதி என்று ஊர் சொல்லாது. எங்கள் ஊரில் இத்தனை டிசைனர்கள் இருக்கிறோம், இதற்கு ஒரு நல்ல பட்டை வடிவம் போட்டுத் தர முடியாதா என்ன? நான் இரண்டு வரைந்து வைத்திருக்கிறேன்.

ஆன்லைனில் எம்.சி.ஆர். என்ற பெயரில் விற்பதை வாங்கும்போது கவனம். ஒன்றை வாங்கி அறுத்தே பார்த்தேன். மேலே எம்.சி.ஆர். என்று அச்சடித்திருந்தது, உள்ளே சாதாரண ஸ்பாஞ்ச், அழுத்தினால் காகித அளவுக்குப் படுத்துவிடுகிறது. சிலதில் விரல் வளையம் வேறு. உணர்வு போன கால் என்றால் டாக்டரிடம் காட்டி, அளவெடுத்துச் செய்யும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். போடுவதற்கு முன் தினமும் செருப்புக்குள் கைவிட்டுப் பாருங்கள். ராத்திரி பாதத்தை யாராவது ஒருவர் பார்க்கட்டும். அப்பா காலை நான் பார்க்கிறேன், நான் ஷிப்டில் இருந்தால் என் மகன் டார்ச் அடித்துப் பார்க்கிறான். ஏழு மாதத்தில் ஒரு புண்கூட வரவில்லை.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அந்த ஒன்று பட்டைக்காகக் குறைத்தது.

பெருவிரலுக்குக் கீழே ரப்பர் பள்ளம் விழ ஆரம்பித்துவிட்டது, அழுத்தினால் முன்போல எழும்பவில்லை. போன சனிக்கிழமை அடுத்த ஜோடிக்கு அளவு கொடுக்கப் போனோம். அப்பா இரண்டு ஜோடிக்குப் பணம் கட்டினார். கடைசி பெஞ்சுக்காரருக்கு இப்போது 80 வயது, மகள் வீட்டோடு வாணியம்பாடியில் இருக்கிறார். முந்தின வாரமே அப்பா பஸ் ஏறிப் போய், அவர் இரண்டு காலையும் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து எடுத்து வந்திருந்தார். பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஆளை நேர்ல கூட்டிட்டு வாங்கய்யா, காகிதத்துல கால் தெரியாது" என்றார். வருகிற வியாழக்கிழமைக்கு அப்பா ஆட்டோ சொல்லி வைத்திருக்கிறார்.