நாட்டு ஈயா, இத்தாலியனா? ஜூன் மாதத்தில் தெரியும்

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தேனீ வளர்ப்பு. 1920களில் இங்குள்ள ஒய்.எம்.சி.ஏ. வழியாக ஸ்பென்சர் ஹாட்ச் பரப்பிய தொழிலை ஊர்க்காரர்களிடம் தாத்தா படித்துக்கொண்டார். இன்றைக்கும் நியூட்டன் என்ற மரப்பெட்டிதான், கீழே அடை கட்ட ஏழு மரச்சட்டம். பொறுப்பு என் கைக்கு வந்ததும் ஆசைப்பட்டு இத்தாலியன் தேனீ பத்துப் பெட்டி வாங்கினேன். இரண்டு சீசன் நாட்டு ஈயையும் அதையும் சேர்த்து வைத்திருந்துவிட்டு, போன வருடம் இத்தாலியனை விற்றுவிட்டேன்.

மகசூலில் போட்டியே கிடையாது. ஜனவரியிலிருந்து ரப்பர் தளிர்விடும் காலத்தில் (ரப்பர் தேன் பூவில் இல்லை, இலைக்காம்பின் நுனியில் ஊறுவது) நாட்டு ஈ பெட்டிக்கு 12 கிலோ தந்தது, இத்தாலியன் 30ஐத் தாண்டியது. பெட்டி விலை இத்தாலியனுக்குக் கூடுதல். அது ஒருதடவைச் செலவு, விடுங்கள்.

கணக்கைப் புரட்டிப்போட்டது ஜூன் மழை. ரப்பரில் சொட்டு கிடையாது. நாட்டு ஈ சின்னக் கூட்டம். மழை விட்ட அரைமணி நேரத்தில் தென்னம்பாளை, தொட்டாற்சிணுங்கி என்று போய் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். சிரட்டையில் கொஞ்சம் சீனிப்பாகு ஊற்றி, ஈ முங்காமல் இருக்க நாலு ஈர்க்குச்சியை மிதக்கவிட்டால் போதும், வாரத்துக்கு 200 கிராம் சீனிதான். இத்தாலியனுக்கு வாரம் ஒரு கிலோ வேண்டியிருந்தது. பத்துப் பெட்டி, பதினாறு வாரம், 160 கிலோ! மூன்றாவது சாக்கை இறக்கும்போது அம்மா கேட்டாள்: “நாம தேன் விக்கோமா, சீனிக்கடை வெச்சிருக்கோமா?”

போதாக்குறைக்குத் தேனீ மேல் ஒட்டி உறிஞ்சும் வர்ரோவா உண்ணி. நாட்டு ஈ அதைத் தானே கடித்துத் தள்ளிவிடும். இத்தாலியனுக்கு நாம்தான் சட்டம் சட்டமாகத் தூக்கிப் பார்த்து மருந்து வைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் பெட்டிகளை லாரியில் ஏற்றி, சூரியகாந்தி பூக்கிற ஊருக்குக் கொண்டுபோனால் இத்தாலியன் கட்டுப்படியாகலாம். பஞ்சாப், ஹரியானாவில் கடுகு வயலை நம்பி அதைத்தான் வளர்க்கிறார்கள். நான் ஊரைவிட்டு நகர்த்தியதே இல்லை. அதனால் அந்தக் கணக்கில் என் பேச்சை நம்ப வேண்டாம்.

நாட்டு ஈயும் சொக்கத்தங்கம் இல்லை. கோபம் வந்தால் கூட்டோடு ஓடிவிடும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற புழுக்கொல்லி வைரஸ் வந்தபோது புழுக்கள் அறைக்குள்ளேயே நீர்கோத்த பையாகிச் செத்தன. அப்பாவின் 80 பெட்டியில் மிஞ்சியது 6. மரப்பொந்திலும் பழைய மண்சுவரிலும் கூடு தேடிப் பிடித்துத்தான் மறுபடி நிமிர்ந்தார். அந்தப் பயத்தில்தான் நான் இத்தாலியன் என்றதும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அந்த நோய் திரும்ப வந்தால் எனக்கும் மருந்து தெரியாது.

விற்பனையில் ஒன்று: மொத்த வியாபாரி இரண்டுக்கும் ஒரே விலைதான் தந்தார். வீட்டுக்கு வருகிறவர்களோ “நாட்டு ஈதானே?” என்று கேட்ட பிறகுதான் பாட்டிலைக் கையில் எடுக்கிறார்கள்.